ஒரு வேளைப் பால்

சிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகியும் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை. பேச்சும் கிடையாது. கெஞ்சிக் கூத்தாடினால் ஆட்டுப்பாலில் நாலு ஸ்பூன் உள்ளே இறங்கும், அதோடு சரி. எங்களிடம் இருந்தது முயல்களை எடை போடும் ஸ்பிரிங் தராசு ஒன்றுதான். அதில் கூடையை மாட்டி அவளை உட்கார வைத்தால் முள் பதினொன்றில் நின்று ஆடும். நாலு வயசுப் பிள்ளைக்குப் பதினொரு கிலோ.

அவள் என் அக்கா மகள். அக்கா நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலை கடைக்குப் போகச் சாலையைக் கடந்தவள் எதிர்ப்பக்கம் போய்ச் சேரவில்லை. கார்க்காரன் நிற்கக்கூட இல்லை. அத்தான் என்று ஒருத்தர் இருந்தார், சிட்டு வயிற்றில் இருக்கும்போதே கம்பி நீட்டிவிட்டார். ஆக, சொந்தம் என்று மிச்சம் இருந்தது நான்தான்.

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் எங்கள் மண் சுவர்களையும் கூரையில் காயும் முயல் தோல்களையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னும் மூணு வாரத்துல திரும்ப வருவேன். அதுக்குள்ள எடை ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, வேற வீடு பார்க்க வேண்டியிருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அக்கா செத்த செய்தி வந்த அன்றைக்கே, அழுகைக்கு நடுவில், பிள்ளை இனி நம்மிடம்தான் வரும் என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டால் நான் சொல்கிற மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

என் வீட்டுக்காரர் முன்பு லிஃப்ட் மெக்கானிக். இருபது வருஷம் ஊரையெல்லாம் மேலே ஏற்றிக் கீழே இறக்கி அலுத்துப்போய், இனிமேல் கடைப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்று ஒரு நாள் முடிவெடுத்தார். உப்பும் தீப்பெட்டியும்தான் விதிவிலக்கு. பிறகு என் கூச்சலைத் தாங்க முடியாமல் ஊசி நூலையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு ஏக்கர் தரிசு நிலத்தில் வீடும் தோட்டமும் எழுந்தன. இறைச்சிக்கு முயல். அதன் புழுக்கை தோட்டத்துக்கு. தோலைப் பதப்படுத்தினால் குளிர்காலப் போர்வை. எட்டுப் பெண் முயல்கள், இரண்டு ஆண். சாப்பிடப் போகிற எதற்கும் பெயர் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். குட்டி போடுகிறவர்களுக்கு மட்டும் பெயர் உண்டு. பெரிய சாம்பல் நிறக்காரிக்கு நான் வைத்த பெயர் மாமியார். என்ன வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, இதுதானா என்பது போல ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு ஒன்று விடாமல் தின்பாள்.

முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விடியலில் குட்டிகள் கிடக்கும் பெட்டிக்குள் வந்து அவற்றுக்கு மேலே நிற்கும். படுக்காது, அணைக்காது. நாலைந்து நிமிஷம், அவ்வளவுதான். பிறகு நாள் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. அது கொடுத்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் காலையில் குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குடித்த வயிறு பந்து மாதிரி விண்ணென்று இருக்கும்.

சிட்டு வந்த பத்தாம் நாள் வெள்ளச்சி என்கிற முயல் ஆறு குட்டி போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். நல்ல வேளையாக மாமியாரும் அதே நாளில்தான் நாலு குட்டி ஈன்றிருந்தாள். இதற்காகவேதான் இரண்டு முயல்களை ஒரே நாளில் ஆணிடம் விடுவோம். வெள்ளச்சியின் குட்டிகளை எடுத்து, மாமியார் தன் மார்பிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த ரோமத்தாலும் அவள் மூத்திரம் நனைந்த வைக்கோலாலும் நன்றாகத் தேய்த்து, அவள் குட்டிகளுக்கு நடுவே செருகி வைத்தேன். அவள் வந்தாள். முகர்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏறி நின்றுவிட்டாள். மறுநாள் காலை பத்து வயிறும் விண்ணென்று இருந்தன.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

சிட்டுவோடு வந்த பையில் ஒரு பாலித்தீன் கவருக்குள் அக்காவின் நீல ஸ்வெட்டர் இருந்தது. துவைக்காதது. கவரைப் பிரித்ததும் மருந்துக்கடை வாசனை வந்தது. தைலம், டெட்டால், அதற்கடியில் அக்காவின் கழுத்து வாசனை. சின்ன வயசில் ஒரே போர்வைக்குள் படுத்து நான் முகர்ந்த வாசனை. கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அதில் முகத்தைப் புதைத்து அழுதேன். பிறகு அதைப் போட்டுக்கொண்டேன்.

சிட்டு கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் மூக்கு அசைந்தது. மெதுவாகத் திரும்பி, என் கழுத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். வந்த நாளிலிருந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்த பிள்ளை அன்றுதான் காலை நீட்டிப் படுத்தது. நான் சந்தோஷத்தில் ஆடாத குறை. அவள் தலையணையைச் சுற்றி, போர்வைக்கு அடியில், கட்டில் காலில் என்று ஸ்வெட்டரை எல்லா இடத்திலும் தேய்த்து வைத்தேன்.

மறுநாள் காலை பாலை எடுத்துக்கொண்டு போனேன். சிட்டு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"வேணாம். வயிறு நெறஞ்சிருச்சு."

சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டேன். பழக்கதோஷம். விண்ணென்று இருந்தது.

எனக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் ஊட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்தார். "எப்படியோ சாப்பிட வச்சிட்டியே, கெட்டிக்காரிதான்." மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் சண்டையாகிவிட்டது.

"எனக்குத் தெரியாம என்ன குடுக்கிறீங்க பிள்ளைக்கு?"

"நானா? நீதானே காலையில அங்க போய் நிக்கிறே."

"நான் எங்கே போனேன்? அஞ்சரை மணி வரைக்கும் உங்க பக்கத்துலதானே குறட்டையைக் கேட்டுக்கிட்டுக் கிடக்கேன்!"

"அப்போ அந்த ரூம்ல நடந்தது யாரு?"

ஆட்டுப்பால் சட்டியைப் போய்ப் பார்த்தேன், ஏடுகூடக் கலையவில்லை. முட்டை எல்லாம் அப்படியே இருந்தது. சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். குனிந்து அவள் வாயை முகர்ந்தேன். பால் வாசனை. ஆட்டுப்பால் வாசனை எனக்குத் தெரியாதா? அது வேறு. இது இளஞ்சூடாக, இனிப்பாக, கைக்குழந்தைகளின் வாயில் வருகிற வாசனை.

தலையணையைச் சரி செய்யப் போனபோது கையில் ஏதோ சிக்கியது. நீளமான முடிகள். தலையணைக்கு அடியில், சிட்டுவின் உடம்பைச் சுற்றி, வளையமாகப் போட்டிருந்தது. நான் வேலைக்கு இடைஞ்சல் என்று தலையை ஒட்ட வெட்டிக்கொண்டவள். வீட்டுக்காரர் மண்டையில் கேட்கவே வேண்டாம், பளபளவென்று இருக்கும். இது இடுப்பளவு முடி, நுனியில் அக்கா போடுகிற சிவப்புச் சாயம். கைப்பிடி நிறைய. வேரோடு பிடுங்கியது. ஈனப்போகிற முயல் தன் ரோமத்தைப் பிடுங்கிப் படுக்கை போடுவதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அன்றைக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"சிட்டு, யாரும்மா பால் குடுக்கிறா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அம்மா."

"எப்போ வர்றா?"

"வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி."

"வந்து உன் பக்கத்துல படுத்துக்குவாளா?"

"இல்ல. மேல நிப்பா. கொஞ்ச நேரந்தான்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்வெட்டரை ஏன் போட்டேன், எங்கெங்கே தேய்த்தேன், எல்லாம். அவர் கூண்டுக் கதவுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்குவதை நிறுத்தினார்.

"முயலுக்குச் செஞ்ச மாதிரியே செஞ்சேன்னு சொல்றே. ஆனா நீ தலைகீழாச் செஞ்சிருக்கியே."

"என்ன தலைகீழ்?"

"குட்டிக்கு என்ன தெரியும்? அதுக்குக் கண்ணே திறக்கலை. எது வந்து நின்னாலும் குடிக்கும். ஏமாத்த வேண்டியது தாயைத்தானே? அதனாலதான் வளர்க்கப்போறவளோட வாசனையைக் குட்டி மேல தடவுறோம். நீ என்ன பண்ணியிருக்கே? பெத்தவளோட வாசனையைக் கூடு பூராத் தடவி வச்சிருக்கே." கம்பியைக் கீழே வைத்தார். "மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றது யாரு?"

பத்து வருஷமாக முயலோடு புழங்குகிறவள் செய்கிற தப்பா இது என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு விடியலில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஐந்து மணி சுமாருக்குக் கொட்டகையில் ஒரு முயல் பின்னங்காலால் பலகையைத் தட்டும். அதைக் கேட்டு இன்னொன்று. பாம்போ நரியோ வந்தால் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை சொல்லும் தட்டல் அது. ஒன்பதும் சேர்ந்து தட்டும். பிறகு ஒரே நேரத்தில் நின்றுபோகும். அப்போது பக்கத்து அறையில் பலகைத் தரை இலேசாக முனகும். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கூடப் பிறந்தவள்தானே, பயம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போர்வையை மட்டும் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்வேன். பிள்ளைக்கு எடை ஏறுகிறதே என்று, அவள் பக்கத்தில் போகும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வதையும் நான் நிறுத்தவில்லை.

அலுவலக அம்மாள் வந்தபோது முள் பதின்மூன்றரையைத் தொட்டது. அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "நல்லாப் பார்த்துக்கிறீங்களே! எதுக்கோ பயந்தேன் நான்." தூங்கிக்கொண்டிருந்த சிட்டுவின் கன்னத்தைத் தட்டி, "யாரு கண்ணு உனக்குச் சாப்பாடு குடுக்கிறது?" என்று கேட்டார். சிட்டு கண்ணை மூடியபடியே கையை நீட்டி நான் போட்டிருந்த அக்காவின் ஸ்வெட்டரைத் தொட்டாள். அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்று போல என்றைக்கும் நான் கூனிக்குறுகியதில்லை.

அவர் பார்க்காதது ஒன்று இருந்தது. சிட்டு தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். எடை ஏற ஏறப் பிள்ளை சுருங்கிக்கொண்டே வந்தது. பகல் முழுக்கப் போர்வைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். ஜன்னலைத் திறந்தால் முனகுவாள். பேசிய நாலு வார்த்தையும் நின்றுபோனது. அவள் கண்ணைத் திறந்து பார்த்துப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. விரலால் இமையைப் பிரிக்கப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் வெளுத்து, ரோஜா நிறத்தில், உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. அன்றைக்குத்தான் ஈன்ற குட்டி மாதிரி இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல்தான். 'உனக்கு நாலு வருஷம் கிடைச்சுது இல்லையா, இன்னும் ஏன் வந்து நிக்கிறே' என்று வெறுஞ்சுவரைப் பார்த்துச் சத்தம் போட்டேன். அன்றைக்கே முடிவெடுத்தேன். தலைகீழாகச் செய்ததை நேராகச் செய்துவிடுவது.

மாலையில் பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, நாங்களே காய்ச்சிய சாம்பல் சோப்பைக் கரைத்து ஸ்வெட்டரை அதில் முக்கினேன். படுக்கை, தலையணை உறை எல்லாம் உள்ளே போனது. முடியைப் பொறுக்கி அடுப்பில் போட்டேன். சிட்டுவை வெந்நீரில் உட்கார வைத்துத் தலையிலிருந்து பாதம் வரை மூன்று தடவை தேய்த்தேன். கத்தினாள். கைகால் உதறினாள். துடைத்துவிட்டு, இரண்டு நாளாக நான் கழற்றாமல் வேலை செய்த சட்டையை, என் வியர்வையும் வைக்கோலும் முயல் மூத்திரமும் நாறுகிற சட்டையை, அவள் உடம்பெல்லாம் தேய்த்து அதையே போட்டும் விட்டேன். அழுகை நின்றது. இமை இரண்டும் பிரிந்தன. சிட்டு என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக என்னை, என் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்கு உலகத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் பின்கதவு வழியாக வந்தார். உள்ளங்கையில் ஒரு முயல் குட்டி. கழுத்துப் பக்கம் பாதி இல்லை.

"என் தப்புதான். பம்ப்பைக் கழட்டிட்டு ஆயில் கையோட போய்ப் பெட்டியை நிமிர்த்தினேன். இதை ஒண்ணைத்தான் தொட்டேன்." குட்டியைத் தரையில் வைத்தார். "சொந்தக் குட்டிதான். வேற வாசனைன்னு மாமியார் கடிச்சுப் போட்டுட்டா."

நான் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சிட்டுவின் ஈரத் தலை, என் சட்டை, அண்டாவில் கொதிக்கிற நீல ஸ்வெட்டர். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திரும்ப அந்த ஸ்வெட்டரைப் போட்டு விடு" என்றார்.

அண்டாவிலிருந்து அதைக் குச்சியால் தூக்கினேன். சாம்பல் வாசனை. கையால் பிழிந்து, சூடு பொறுக்காமல் கத்திக்கொண்டே முகர்ந்தேன். சாம்பல்தான். தைலம் இல்லை, டெட்டால் இல்லை, அக்கா இல்லை. பாலித்தீன் கவரைத் தேடினேன், அதையும் முடியோடு சேர்த்து எரித்திருந்தேன். அந்த வீட்டில் அக்காவின் பொட்டு வாசனைகூட மிச்சமில்லாமல் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தேன்.

"வேற எங்கயாவது போயிடலாமா?" என்று கேட்டார்.

"எங்க போனாலும் வரமாட்டாளா?"

அவர் கதவுக்கு வெளியே மண்வெட்டியோடு உட்கார்ந்தார், பாவம். நான் சிட்டுவைக் கட்டிலில் என் மார்புக்கு அடியில் வைத்துக்கொண்டு அவளை முழுக்க மறைத்துக் குப்புறப் படுத்தேன். கடிப்பதாக இருந்தால் முதலில் என் முதுகு இருக்கும்.

விடிவதற்கு முன்னால் கொட்டகையில் தட்டல் தொடங்கியது. எல்லாக் கால்களும் பலகையில் இடித்தன. நின்றன. தரை முனகியது.

கதவு திறந்த சத்தம் இல்லை. மருந்துக்கடை வாசனை மட்டும் வந்தது. கட்டிலின் கால்மாட்டில் ஒரு மூச்சு. சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக இழுக்கும் மூச்சு. என் பாதத்திலிருந்து மேலே வந்தது. என் கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சிட்டுவின் முழங்காலில் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. இப்போது கடிப்பாள், இதோ கடிப்பாள் என்று உடம்பையெல்லாம் இறுக்கிக்கொண்டேன்.

அவள் கடிக்கவில்லை. மூச்சு விலகியது. தலையணைப் பக்கம் போய் முகர்ந்தது. கட்டிலுக்கு அடியில் முகர்ந்தது. சிட்டுவின் காலிப் பையை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு மூலை, ஜன்னல், மறுபடியும் கட்டில். மறுபடியும் அந்த முழங்கால். ஒன்றும் புரியாதவளாக அவள் அங்கேயே நின்றாள். அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போன, வார்த்தை இல்லாத ஒரு முனகல். பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்தவள் போடும் சத்தம்.

சிட்டு என் அடியில் அசைந்தாள். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அக்கா, இதோ இருக்கா உன் பொண்ணு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சிட்டுவின் வாயைக் கையால் பொத்தினேன்.

வெளிச்சம் வந்தபோது அறையில் யாரும் இல்லை. கையை எடுத்தேன். சிட்டு அகலக் கண் விழித்து என்னைப் பார்த்தாள். "சித்தி, பசிக்குது" என்றாள்.

இரண்டு முட்டை, ஒரு வேகவைத்த கிழங்கு, டம்ளர் நிறையப் பால். எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டாள். இப்போது அவள் பதினாறு கிலோ. வாய் ஓயாமல் பேசுகிறாள், வீட்டுக்காரரின் மொட்டைத் தலையில் மேளம் தட்டுகிறாள். அம்மாவைப் பற்றிக் கேட்பதே இல்லை.

முயல்கள் மட்டும் இன்னும் விடியலில் தட்டுகின்றன. அக்கா தோட்டத்துக் கோடியில் ஆரம்பித்து, கிணற்றைச் சுற்றி, சமையலறை வழியாக ஒவ்வொரு அறையாக முகர்ந்துகொண்டு வருகிறாள். சிட்டுவின் தலைக்கு மேல் என் அழுக்குச் சட்டையை இழுத்துவிட்டு, அவள் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.